பெட்டி போனதும் கவிழும் ஸ்டூல்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சாகிறவர்களுக்குப் பெட்டி தருவது நான். படித்தது மூன்றாம் வகுப்பு. பெரிய படிப்புப் படித்தவர்களும் கடைசியில் என் பெட்டியில்தான் படுத்துப் போகிறார்கள். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டுப் போன புதிதில், எங்கள் கோயிலில் அயர்லாந்து ஃபாதர் ஒருவர் இருந்தார். செத்த வீட்டில் காட்ஸ் விளையாடினால் செபம் சொல்ல வரமாட்டேன் என்று பூசையில் அறிவித்துவிட்டார். பிரேதத்தைத் தனியே விடக் கூடாது என்றுதான் எங்கள் ஆட்கள் விழித்திருந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். ஃபாதருக்கு அது சூதாட்டம்.

அந்தக் கிழமையே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர் இறந்துபோனார். மனைவி என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, காட்ஸை நிப்பாட்டினா அவர்ட கூட்டாளிமார் எழும்பிப் போயிடுவாங்க. நிப்பாட்டாட்டி ஃபாதர் வரமாட்டார். மனுசன் தனியாக் கிடக்கவும் கூடாது, செபமில்லாமப் போகவும் கூடாது."

ஊரில் எத்தனையோ கோட்டுப் போட்டவர்கள் இருக்க, அவள் என்னிடம் வந்ததில் வியப்பில்லை. நேரே ஃபாதரிடம் போனேன்.

"ஃபாதர், உங்கட ஊர்ல செத்த வீட்டுல என்ன செய்வாங்க?"

மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. மணிக்கூட்டை நிறுத்துவார்களாம். ஆன்மா வெளியேற ஜன்னலைத் திறப்பார்களாம். வருகிறவர்களுக்குப் புகைக்கக் களிமண் சுங்கானும் புகையிலையும். ஒப்பாரிக்கென்றே சில பெண்கள். விடியும்வரை குடி, கதை, விளையாட்டு.

"காட்ஸுமா ஃபாதர்?"

கொஞ்சம் தயங்கினார். "ஓம். செத்தவருக்கும் ஒரு பங்கு பிரிச்சு வைப்பாங்க."

"எங்கட ஆக்கள் அவ்வளவு மோசமில்ல ஃபாதர். செத்தவரை ஆட்டத்துக்குச் சேர்க்கிறதில்ல."

ஃபாதர் அங்கியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். காட்ஸ்காரர்கள் இருந்த பக்கம் திரும்பாமலே செபத்தைச் சொன்னார். பெட்டியைத் தூக்கியதும், அது இருந்த என் ஸ்டூல்கள் இரண்டையும் காலால் தள்ளிக் கவிழ்த்தார். கேட்டால், அதுவும் அவர் ஊர் வழக்கமாம்.

அன்றோடு பிடித்தது வினை. கொட்டாஞ்சேனையில் எந்தப் பெட்டி கிளம்பினாலும் ஸ்டூல் கவிழ்ந்தாக வேண்டும். ஃபாதர் ஊர் திரும்பிய பிறகு, ரோமாபுரி வரை போய்ப் படித்த நம் ஆள் ஒருவர் ஃபாதராக வந்து, இது எந்தச் சபையின் சட்டம் என்று ஒரு செத்த வீட்டில் கேட்டார். முன்னால் வந்து பதில் சொன்னது, அன்று என் கடைக்கு வந்த அந்த விதவைதான்.

"பரம்பரை வழக்கம் ஃபாதர். எங்கட மனுசன் அப்படித்தான் ஒரு குறையுமில்லாமப் போனார்."

படித்தவர் செபப் புத்தகத்தைத் திறந்தார். கவிழ்ந்து கவிழ்ந்து கால் உடைந்த ஸ்டூல்களுக்கு நான் இரும்புக் கால் போட்டுவிட்டேன்.