பூண்டுக்கு எரியும் அடுப்பு

விறகடுப்பை விட்டுவிட்டு மானியத்தில் மின்சார அடுப்பு வாங்கச் சொல்லி, இன்று காலை ஓர் அதிகாரியம்மா எங்கள் மலைக்கிராமமான கிளாவரைக்கு வந்தார்.

“புகை நெஞ்சுக்கு ஆகாதுங்க. இன்னும் எதுக்கு விறகு?”

“சமையல் கேஸுலதாங்க” என்று மேலே காட்டினேன். விறகடுப்புக்கு மேல் விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கியது. “இதுக்குத்தான் புகை. போடலைன்னா கெட்டுப்போகும்.”

“வீட்டுல எத்தனை பேருங்க?”

“நான் ஒருத்திதாங்க.”

அவர் அதைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பூண்டுக்கு அடுப்பை மூட்டியதும், வழியில் போன பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வாசலில் நின்றார். “என்னத்தா, புகை பலமா வருது? விருந்தாளி வந்துருக்காகளா?”

“ஆமாண்ணே” என்று சும்மா சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா சொன்னது சரிதான், புகை கெடுதல்தான்.

மின்சார அடுப்பில் சமைப்பவர்களே, வழியில் போகிறவர்கள் உங்கள் வீட்டில் எதைப் பார்த்து நின்று விசாரிக்கிறார்கள்?