டொலோரின் கதவில் இருந்த சாவி

துறைமுகத்தை நோக்கிப் படிப்படியாக இறங்கும் எங்கள் வலேட்டா நகரத் தெருவில், ஒரு காலத்தில் எல்லா வாசல் கதவுகளிலும் சாவி வெளிப்பக்கமே செருகியிருக்கும். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் திருகிக்கொண்டு உள்ளே போவார்கள். கதவைத் தட்டுகிறவர் அந்நியர். போரில் குண்டு விழுந்து மூலைவீடு நொறுங்கியபோது வாசல் மட்டும் நின்றது. அந்தக் கதவிலும் சாவி இருந்தது.

பிறகு கப்பல் பட்டறையில் வேலை குறைந்தது. குடும்பங்கள் கப்பலேறின. மூடிக் கிடந்த வீடுகளை வெளியாட்கள் வாங்கி விடுதியாக்கினார்கள். சாவிகள் ஒவ்வொன்றாகக் கதவுக்கு உள்ளே போயின. எதிர்வீட்டு டொலோரின் சாவி மட்டும் போகவில்லை.

டொலோர் மாலுமிகளின் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒற்றை மகன் விஸ்தினை வளர்த்த விதவை. பத்தொன்பது வயதில் அவன் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது படித்துறையில் நின்று, "எப்ப வந்தாலும் நேரா உள்ள வாடா. சாவி கதவுலயே இருக்கும்" என்றாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

படங்கள் வந்தன. கல்யாணப் படம், குழந்தைகள் படம். அவன் வரவில்லை.

ஒருமுறை சுற்றுலா வந்த யாரோ சாவியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வேறொரு சாவி செய்வித்துச் செருகினாள்.

"திருடன் வந்தா என்ன செய்வே?" என்றேன்.

"வரட்டும் சென்சு. என் முட்டிவலிய எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்து, ஒரு கோடைப் பிற்பகலில் அவள் கதவு தட்டப்பட்டது. மரப் பலகணிச் சன்னலைத் திறந்து டொலோர் கத்தினாள்:

"வீடு விக்கிறதுக்கில்லன்னு எத்தனை தடவ சொல்றது? கெழவி இன்னும் சாகலன்னு உன் மொதலாளிகிட்ட போய்ச் சொல்லு!"

கீழே நின்ற நரைத்த மனிதர் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, நான்தான். விஸ்தின்."

அவள் மாடிப்படி இறங்கிவர நேரமானது. அவன் அதுவரை வாசலிலேயே நின்றான். சாவி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

அன்று முயல்கறியைத் திராட்சை மதுவும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்தாள். என்னையும் கூப்பிட்டாள். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்:

"சாவி இருந்துச்சேடா. பாக்கலியா?"

"பாத்தேம்மா. சொல்லாம கொள்ளாம எப்படி உள்ள நுழையறது?"

டொலோர் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"மாடியில உன் கட்டில்ல புது விரிப்பு போட்டிருக்கேன்."

"மூலை விடுதில ரூம் போட்டுட்டேம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அதுவும் சரிதான்," என்றாள். குழம்புக் கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

ஒரு வாரம் வந்துபோனான். தினமும் தட்டினான். தினமும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து திறந்தாள். புறப்படும் நாளன்று அவளைக் கட்டிக்கொண்டு, "சாவிய வெளிய வைக்காதீங்கம்மா. காலம் கெட்டுக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

"சரிப்பா."

மறுநாள் வழக்கம்போல் அவளுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். கை தானாகச் சாவியைத் தேடியது. துவாரம் காலியாக இருந்தது. படியில் கொஞ்சநேரம் நின்றேன். உள்ளே அவள் நடமாடும் சத்தம் கேட்டது.

கதவின் பித்தளை வளையத்தைத் தூக்கித் தட்டினேன்.

"யாரு?" என்றாள்.