புளியமரத்தில் தொங்கிய என் துண்டு

ஒரு வருடம் முழுக்க என் துண்டு ஒன்று எங்கள் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம் போட்ட துண்டு. வேலைக்குப் போகும்போதும் கண்ணில் படும், திரும்பும்போதும் படும். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போதுகூட, "தோ, துண்டு தொங்குது பாரு, அந்த மரத்தாண்ட திரும்பு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ரேஷன் கடையில் பொருள் போடுகிறவன் நான். காலையிலிருந்து நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தராசு, எதிரே டீக்கடை. வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் அரை மணி நேரம் ஆகும். வண்டி வாங்கிய பிறகு நடந்ததே இல்லை. டீக்கடை போண்டாவுக்கும் எனக்கும் பதினைந்து வருடப் பழக்கம். உடம்பு கேட்கவா வேண்டும், அதுபாட்டுக்கு வளர்ந்தது.

ஒருநாள் ஐம்பது கிலோ மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். தொண்ணூற்று நான்கு கிலோ. சாலை போகாத மேட்டுக் குடியிருப்பிலிருந்து அரிசி வாங்க வரும் பெண் ஒருத்தி வரிசையில் முன்னால் நின்றாள். வாய் கொஞ்சம் நீளம். எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டைக்கு ஆறு கிலோ கம்மியா கீதேண்ணா" என்றாள். வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஊரில் புளிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மரம் யாருடையதானாலும் ஏறி உலுக்குகிறவனுக்குப் பாதிப் பழம். வீட்டு ஆளே ஏறிவிட்டால் எல்லாம் வீட்டுக்கு. மூன்று பருவம் தொடர்ந்து வேறொருவன் ஏறினால், அப்புறம் அந்த மரத்தில் ஏறுகிற உரிமை அவனுக்கே போய்விடும். மரத்துக்குச் சொந்தக்காரன் கீழே நின்று பாதிக்குப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உடம்பு பெருத்த பிறகு, முதல் வருடம் முதுகுவலி என்று சொல்லி என் சித்தப்பா மகனை ஏறச் சொன்னேன். என்னைவிட எட்டு வயது சின்னவன், ஓணான் மாதிரி ஏறுவான். இரண்டாம் வருடம் மாசி மாதத்தில், வீம்புக்கு நானே ஏறப் போனேன்.

ஏறுவதற்கு முன்னால் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவது வழக்கம். சுற்றினேன், முடிச்சுப் போட முனை எட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டே ஏறினேன். இரண்டு ஆள் உயரத்தில் கிளை பிரியும் கவை ஒன்று இருக்கிறது. அதுவரை எப்படியோ போய்விட்டேன். அதற்கு மேல் கால் எழவில்லை. மேல் கிளையில் துண்டை வீசி, அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம் என்று பார்த்தேன். துண்டு போய்ச் சேர்ந்தது, நான் போய்ச் சேரவில்லை. இறங்கவும் முடியவில்லை. கவையிலேயே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஊரே கூடிவிட்டது. கடைசியில் சித்தப்பா மகன் கயிறோடு ஏறி வந்து, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிற மாதிரி என் கக்கத்தில் கயிறு கட்டி, நாலு பேர் பிடிக்க இறக்கினான்.

இறக்கிவிட்ட கையோடு அவனே ஏறி மரம் முழுக்க உலுக்கினான். துண்டைத் தாண்டித்தான் போனான், தாண்டித்தான் வந்தான். "அந்தத் துண்ட எடுத்துனு வாயேன்" என்று என் மனைவி கீழிருந்து சொன்னாள்.

"அது அண்ணன் துண்டு அண்ணி. அண்ணனே வந்து எடுத்துக்கட்டும். அடுத்த வருசமும் எடுக்கலேன்னா மரம் எனக்கு" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கட்டுப்பாட்டைத்தான் சொன்னான்.

என் மனைவி அன்றைக்குத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. புளியை வெயிலில் பரப்பிக்கொண்டே, "ரெண்டு வருசமா நம்ம மரத்துல பாதிக்குப் பொறுக்குறேன். இன்னொருத்தன் உலுக்க நான் குனியறது இன்னாவோ மாதிரி கீதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. மரத்தில் தொங்கியபோதுகூட அவ்வளவு அவமானமாக இல்லை.

மறுநாளே உடம்பைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். இங்கேதான் மலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். போளூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் காரில் வந்து எங்கள் சாமையைக் கிலோ கிலோவாக வாங்கிப் போகிறார்களே, எதற்கு என்று கேட்டால் உடம்பு இளைக்க என்பார்கள். செல்போனைத் திறந்தால் அதிலும் சாமைதான். நம் கொல்லையிலேயே மருந்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டிருக்கிறோமே என்று நினைத்து, மூன்று வேளையும் சாமைச் சோற்றுக்கு மாறினேன். மருந்துதானே என்று தட்டில் கோபுரம் கட்டினேன். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல். காலையில் வெந்நீரில் மலைத்தேன், அதையும் தாராளமாக. மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினால் தொண்ணூற்றாறு!

"சாமை தின்னா எளைக்கும்னு எவன் சொன்னான்? எங்கப்பா இதத் தின்னுட்டுதான் நாள் பூரா ஏர் ஓட்டுனாரு. நீங்க தின்னுட்டு வண்டில குந்திக்கினு போறீங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து கரண்டியை அவளே பிடுங்கிக்கொண்டாள். சாமை ஒரே கரண்டி, மீதித் தட்டில் கீரையும் அவரைக்காயும். குளிர் நாட்களில் கொள்ளு ரசம். டீயில் சர்க்கரை கிடையாது. போண்டாவைப் பார்க்கலாம், தொடக்கூடாது. இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். முதல் இரண்டு வாரம் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பலாப்பழக் காலத்தில் டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். நானே என்னை நம்பவில்லை.

கூடவே நடக்கவும் தொடங்கினேன். அதிலும் ஒரு தொல்லை. எங்கள் மலையில் கையை வீசிக்கொண்டு ஒரு ஆள் நடந்தால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். போகிற வருகிற வண்டியெல்லாம் நிற்கும். "இன்னாண்ணா, வண்டி ரிப்பேரா? குந்து, வுட்டுட்டுப் போறேன்" என்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். "சும்மா எவனாவது நடப்பானா? வூட்ல சண்டையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வாசலில் இருக்கிற பெண்கள், சாப்பிடாமல் போகாதீர்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துக் களி போடுவார்கள். மறுத்தால் மனம் கோணும். ஒரு வாரத்தில் நடந்ததைவிடத் தின்றது அதிகம்.

வழி கிடைத்தது எதேச்சையாகத்தான். அந்த வாய் நீளமான பெண்ணுக்கு ஒருநாள் கடை மூடும் நேரத்தில்தான் அரிசி போட முடிந்தது. இருபது கிலோ. அவளுக்குக் காய்ச்சல், நிற்கவே தள்ளாடினாள். மூட்டையை நான் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவளோடு ஒற்றையடிப் பாதையில் மேட்டுக்கு ஏறினேன். வழியில் ஏழு தடவை நின்றேன். "இருபது கிலோக்கே இப்படி மூச்சு வாங்குதே, ஒன்ன வேற தூக்கிக்கினு வர்றியேண்ணா" என்றாள் அந்தக் காய்ச்சலிலும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வழியில் ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. தலையில் சுமை இருப்பவன் வேலையாகப் போகிறவன். அவனை யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், களி சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்.

அவள் வீட்டில் மூட்டையை இறக்கி வைத்தபோது கழுத்தும் தோளும் லேசாகி, பறப்பது போல இருந்தது. இந்த இருபது கிலோவைத்தானே இத்தனை வருடமாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன், இறக்கி வைக்க ஒரு வீடில்லாமல், என்று தோன்றியது. பதினைந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பெண்களின் தலையில் மூட்டையைத் தூக்கி விட்டிருக்கிறேன், அந்தப் பாதை எப்படி இருக்கும் என்றுகூட யோசித்ததில்லை. அதற்கும் வெட்கப்பட்டேன்.

அதற்குப் பிறகு கடை மூடியதும் தினமும் மேட்டுக்கு யாருடையதாவது ஒரு மூட்டை சுமந்தேன். அரிசி இல்லாத நாட்களில் விறகு, உரம், ஒருநாள் யாரோ வாங்கிய மாவரைக்கும் மெஷின். ஏழு தடவை நின்றவன் மூன்று தடவை நின்றேன். ஐப்பசி மழையில் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறிவிட்டேன். மேலே போய் நின்று சத்தமாகக் கத்தினேன், சந்தோஷத்தில். மாதா மாதம் அரிசி போடும் முதல் நாளில் வரிசையே என்னைத் தராசில் ஏற்றியது. எண்பத்தெட்டு, எண்பத்து மூன்று, எழுபத்தெட்டு. எடை குறையக் குறைய அவர்களே கைதட்டினார்கள். தை மாதம் எழுபத்தொன்று. "இப்ப நெசமாவே அளவு கொறைக்கிறாரு" என்றாள் அந்தப் பெண். அவள் வாயில் வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

மாசியில் மரத்தடியில் போன வருடத்தைவிடக் கூட்டம். சித்தப்பா மகன் தோளில் கயிறோடு வந்திருந்தான். "எதுக்கும் இருக்கட்டும்ண்ணா" என்றான். கவை வரை ஏறினேன். அங்கே போனதும் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். மேட்டுப் பாதையை நினைத்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தேன். கால் எழுந்தது. உடம்பு கூடவே வந்தது. அடுத்த நொடி துண்டுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பச்சை வெளுத்து, ஒரு ஓரம் கிழிந்து, குருவி எச்சம் காய்ந்து கிடந்தது. உதறி இடுப்பில் சுற்றினேன். முடிச்சுப் போட்டும் ஒரு சாண் மிச்சம் தொங்கியது. கீழே விசில் பறந்தது. நான் கிளையில் கால் ஊன்றி உலுக்கினேன். சடசடவென்று பழம் கொட்டியது. மரமே சிரிப்பது போல இருந்தது எனக்கு.

"கயிற இன்னாண்ணா பண்றது?" என்று சித்தப்பா மகன் கேட்டான்.

"ஓரமா வச்சிட்டு அண்ணிக்குப் பொறுக்குடா" என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்தான்.

என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு பொறுக்க உட்கார்ந்தாள். இரண்டு வருடப் பழக்கம், கை தானாகவே அவனுக்கொன்று நமக்கொன்று என்று இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டே போனது. திடீரென்று நிறுத்தினாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, அந்தக் குவியலை இந்தக் குவியலோடு சேர்த்துத் தள்ளினாள்.

நான் அடுத்த கிளைக்கு ஏறினேன்.