பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடியவர்

செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அவருக்குத் தெருவில் ‘ஆஃப் அண்ணன்’ என்று பெயர். வீட்டைப் பூட்டுமுன் எல்லா சுவிட்சையும் அணைப்பார்; பூட்டிய பிறகு, அணைத்தோமா என்று திறந்து பார்ப்பார். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான். தையல்காரியான மனைவிக்கு இதெல்லாம் எரிச்சல். இந்தப் பயந்தாங்கொள்ளிக்கா வாக்கப்பட்டோம் என்று அவர் காதுபடவே சொல்வாள்.

அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. இஸ்திரிப் பெட்டியின் வயர் தோலுரிந்தபோது, விரலில் ஊசி குத்தினால் ஒட்டுகிற பிளாஸ்திரியை அதற்கும் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். வயரை மாற்று, மாற்று என்று அவர் நச்சரித்தார்.

“காயம் ஆறட்டும், இருங்க” என்றாள்.

அன்று மதியம் அவர் சாப்பிட வந்திருந்தார். பையனும் பள்ளியிலிருந்து சாப்பிட வரும் நேரம். அவள் வெறுங்காலோடு நின்று, துணிக்குத் தண்ணீர் தெளித்த ஈரக் கையால் வயரை ஒதுக்கினாள். கை ஒட்டிக்கொண்டது. விட நினைத்தாள், விரல் கேட்கவில்லை. கத்த நினைத்தாள், குரல் வரவில்லை. உடம்பு மொத்தமும் உதறியது. அறை வாசலில் அவர் வந்து நின்றது மட்டும் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். வந்தவர் சட்டென்று திரும்பி, தலைதெறிக்க ஓடினார்.

விட்டுட்டுப் போயிட்டாரே என்று நினைத்தாள். அப்புறம் ஒன்றும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தாள். ஃபேன் நின்றிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏதாவது பேசு. என்னைத் திட்டவாவது செய்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துவிட்டு, பயமில்லை, எதற்கும் ஒருநாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். கேட்ட அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து, ஆஃப் அண்ணன் ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு ஓடிவந்த கதையைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அக்கா தலை மறைந்ததும் கேட்டாள்: “என்னை அப்படியே விட்டுட்டு ஓடிட்டீங்கள்ல?”

“சுவிட்சு உனக்குப் பின்னால, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கு. உன்மேல படாம எட்ட முடியாது. மெயின் சுவிட்சு வாசல்ல இருக்கு. அதை அணைக்கத்தான் ஓடினேன்.”

“கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாமே.”

“இழுக்கத்தான் வந்தேன். தொட்டா நானும் ஒட்டிக்குவேன்.” அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். “ஸ்கூல் விட்டு நம்ம பையன் வருவான். நம்ம ரெண்டு பேரையும் அப்படிப் பார்த்தா சும்மா நிப்பானா? அவனும் ஓடிவந்து பிடிப்பான்.”

அவளுக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. முதல் முறையாக, கல்யாணமான இத்தனை வருஷத்தில். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறோம், மூன்று பேரும் இருக்கிறோம் என்ற நினைப்பில் அழுகை நிற்கவே இல்லை. கடைசியில், அந்த ஒற்றைச் செருப்பை நினைத்துச் சிரித்தும் விட்டாள்.

வீடு திரும்பியதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டது அவள்தான். பழைய இஸ்திரிப் பெட்டி குப்பைக்குப் போனது. எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். மெயினுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சுவிட்சும் வந்தது. யாருக்காவது ஷாக் அடித்தால் அதுவே கரண்டைத் துண்டித்துவிடும், கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது என்றார் எலக்ட்ரீஷியன்.

“அப்ப இனிமே இவருக்கு ஓடுற வேலை இல்லை” என்றாள் அவள், புது ரப்பர் செருப்பில் கால் நுழைத்தபடி.

அவர் அந்தச் சுவிட்சை ஏற இறங்கப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை.

“இருந்தாலும் ஓடுவேன்” என்றார்.

“ஓடுங்க” என்றாள்.