பரந்தாமனின் நாலாம் நம்பர் சிவப்பு

திருத்தணியில் பொழுது விடிவதே பரந்தாமன் சுவிட்சைத் தட்டுவதால்தான். சூரியன் என்று ஜனங்கள் கும்பிடுவது அவர் வீட்டு மொட்டைமாடியில் தொங்கும் ஆயிரம் வாட்ஸ் பல்பு. இந்திரன் சபையைக் கூட்டினால்கூட, ரம்பை வந்தாளா என்று கேட்பதற்கு முன்னால், "லைட்டுக்குப் பரந்தாமன் கிட்ட சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பான்.

அரக்கோணத்திலிருந்து புத்தூர் வரைக்கும் நாடகம் போடுகிறவர்கள் இதில் பாதியையாவது நம்பினார்கள். வனஸ்பதி டின்னை வெட்டி அவரே விளக்குப் பெட்டி செய்வார். மேடைக்கு எதிரே மூங்கில் சாரத்தில் பன்னிரண்டு பெட்டிகள் தொங்கும். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒரு நம்பர். கீழே மரப்பலகையில் அதே நம்பருக்கு ஒரு சுவிட்ச். வசனம் மறந்த நடிகர்கள் உண்டு, பரந்தாமன் நம்பர் மறந்ததில்லை. பள்ளிப்பட்டு நெசவு வீட்டில் பிறந்தவர், மீசை முளைக்கும் முன்பே தறியை விட்டு எழுந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "தறிக்குழியில காலு மரத்துப்போவுதுபா" என்பார்.

ராஜவேலு அவருக்கு மச்சான். அவர் பெண்டாட்டி காஞ்சனாவின் ஒரே தம்பி. ஒன்பதாம் வகுப்பை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தவன். பாவா என்று கூப்பிடும் அக்கா புருஷனைச் சீண்டுவது மச்சானின் பிறப்புரிமை என்பது அவன் கட்சி. காப்பியில் உப்பு, செருப்பில் கட்டெறும்பு எல்லாம் ஆகிவிட்டது. மிச்சமிருந்தது லைட்டுதான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கடைத்தெருவில் நாடகம். அசுரர்களை முடித்துவிட்டு முருகன் கோபத்தோடு திருத்தணிக்கு வருவார். மலையில் கால் வைத்ததும் சினம் தணியும். போருக்கு நாலாம் நம்பர், சிவப்பு. மலைக்கு அஞ்சாம் நம்பர், பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் ஜனம் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தது.

பெட்டிகளில் கலர் கண்ணாடித்தாள் செருகுவது எப்போதும் காஞ்சனாதான். சாயங்காலம் அவள் செருகிவிட்டு இறங்கியதும் ராஜவேலு ஏறினான். நாலையும் அஞ்சையும் மாற்றிச் செருகினான். பாவா சுவிட்சைத் தட்டுவார், பதறுவார், ஊர் சிரிக்கும். அவ்வளவுதான் திட்டம்.

நாடகத்தில் அவன் மூன்றாவது அசுரன். பரந்தாமனின் பலகைக்குப் பக்கமாக, மேடை ஓரத்தில் விழுந்து செத்தான். பரந்தாமன் நாலைத் தட்டினார். முருகனுடைய கோபம் பச்சையாக வந்தது. வேஷம் கட்டிய தேசப்பன் பாசி பிடித்த சிலை மாதிரி நின்றார்.

"இன்னாபா, சாமிக்கு வயித்தாலையா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் குரல் கொடுத்தான். பந்தலே சிரித்தது.

பிணம் ஒரு கண்ணைத் திறந்து பாவாவைப் பார்த்தது. அவர் பதறவில்லை. பச்சையில் ஊறிய மேடையைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டிடா நம்ம சிவப்பு? ரத்தமாட்டம் இருக்குதில்ல?" என்றார் மெதுவாக. "இன்னாத்துக்கு சிரிச்சிகினு கீறானுங்க?"

விளையாடுகிறாரோ என்று ராஜவேலு அவர் முகத்தையே பார்த்தான். விளையாட்டு இல்லை. இந்த மனுஷன் தறியை விட்டது காலுக்காக இல்லை. சிவப்பு நூல் எது, பச்சை நூல் எது என்று தெரியாமல். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு சாரம் ஏறுவதும் புருஷன் மேல் உள்ள ஆசையால் மட்டுமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குத் தெரியாமல் பொத்தி வைத்திருந்ததை அவன் நடுத்தெருவில் அவிழ்த்து விட்டிருக்கிறான்.

அடுத்தது மலை. பாவா அஞ்சைத் தட்டுவார். சினம் தணிந்த ஊரில், ஆடிக் கிருத்திகை அன்றைக்கு, சாமி செக்கச் செவேலென்று சீறிக்கொண்டு நிற்பார். அதற்கு எவனும் சிரிக்க மாட்டான், பலகையை உடைப்பான். கலர் தெரியாதவன் என்பது வெளியே வந்தால், அப்புறம் பாவாவை எந்த ஊரில் லைட்டுக்குக் கூப்பிடுவார்கள்?

செத்த அசுரன் எழுந்து ஓடினான்.

"ஐயோ, பொணம் ஓடுது!" என்று முன்வரிசையில் கோவிந்தம்மாள் அலறினாள். அவன் கொம்பும் கோரைப்பல்லுமாகச் சாரத்தில் ஏறினான். நாலாம் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. தாளை உருவினான், விரல் பொரிந்தது. மேடையில் முருகன் பச்சையிலிருந்து வெள்ளையாகி, ஒருவழியாகச் சிவந்தார். கை தட்டினார்கள். அஞ்சில் பச்சையைச் செருகி முடிப்பதற்கும் கீழே சுவிட்ச் விழுவதற்கும் சரியாக இருந்தது. மலை குளிர்ந்தது. "அரோகரா!" என்று கூட்டம் எழுந்து நின்றது.

திரை விழுந்ததும் நாடக வாத்தியார் வரதராஜன் அவன் காதைத் திருகினார். "செத்தவன் எதுக்குடா மேல ஏறின?"

"ஆவிங்க சார். மேலதானே போவும்?"

எல்லாரும் போன பிறகு பரந்தாமன் அவன் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்.

"காத்துல தாளு மடங்கிப்போச்சு பாவா. அதான் நிமித்தி வெச்சேன்."

"எந்தப் பெட்டில?"

"நாலுல."

"அப்போ அஞ்சுல இன்னாத்துக்குக் கைய வெச்ச?"

ராஜவேலு கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"பன்னண்டு பெட்டி தொங்குது. ஒண்ணைக்கூடத் தேடாம நேரா அந்த ரெண்டுகிட்டப் போற." பரந்தாமன் அடுத்த விரலை இழுத்து வைத்துக்கொண்டார். "கலர்தான்டா எனக்குத் தெரியாது. திருட்டு முழி நல்லாவே தெரியும்."