அப்பா சுற்றிப் போன சாலை

பிள்ளைகளே, கிள்ளானில் நம் வீட்டுச் சாலையை மரங்களோடு அழகுச் சாலையாகப் பாதுகாக்க நகராண்மைக் கழகம் திட்டமிடுகிறது. கார் நிறுத்த இடம் போய்விடுமே என்று குடியிருப்போர் சங்கம் எழுதிய எதிர்ப்பு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நேற்று மழை விட்டதும் தூங்குமூஞ்சி மரங்களின் ஈர வாசனை வீட்டுக்குள் வந்தது. சிறு வயதில், தொழிற்சாலை வேலை முடிந்ததும் அப்பா என்னையும் அம்மாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில்தான் மெதுவாகப் போவார்.

“குறுக்கு வழி இருக்கே, ஏங்க சுத்துறீங்க? பெட்ரோல் என்ன சும்மாவா கெடைக்குது?” என்பார் அம்மா.

“நாள் பூரா மெஷினையே பாத்த கண்ணு. கொஞ்சம் பச்சையப் பாக்கட்டும்லா.”

இலைகளிலிருந்து என் தலையில் சொட்டிய நீரை அம்மா சிரித்தபடி துடைப்பார்.

இன்று நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு, குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுக்குத் தனியாகப் போய், மனுவில் என் பெயரை அடித்துவிட்டு வந்தேன்.