ஆறு இருபத்தைந்துச் சொட்டு

மாடி பூட்டிக் கிடந்த பன்னிரண்டாம் நாள் காலையிலும் பின்னறைக் கூரையிலிருந்து சொட்டு விழுந்தது. செக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபத்தைந்து. நாலு வருஷமாக அது விழும் அதே நேரம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவுக்கே செக்கர், கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். பயணி அழுதாலும் சரி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சினாலும் சரி, "அதெல்லாம் இருக்கட்டும், டிக்கெட் எங்கே?" என்பார். தூங்குகிற மாதிரி நடிப்பவனை மூச்சை வைத்தே கண்டுபிடிப்பார். தன் கையில் ஒருவர்கூடத் தப்பாகப் பிடிபட்டதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு.

அதே கண்ணால்தான் அண்ணனையும் பிடித்தார்.

அப்பா கட்டிய வீடு. கீழே செக்கர், மேலே அண்ணன். அண்ணன் தையல்காரர், கடைவீதியில் ஒற்றைக் கதவுக் கடை. செக்கரின் சீருடைகள் அத்தனையும் அவர் கைத்தையல்தான். மாடி, வீட்டின் முன்பாதியில் மட்டும் கட்டப்பட்டது. அண்ணனுடைய குளியலறை மட்டும் பின்னறைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், மற்றபடி பின்பாதி வெறும் மொட்டைமாடி. ஓய்வு பெற்ற கையோடு செக்கர் அங்கே ஒரு சிமெண்ட் மேடை எழுப்பித் தன் வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தார். மறு வருஷம் கீழே பின்னறைக் கூரையில் கறை தெரிந்தது. அண்ணனுடைய குளியலறைக்கு நேர் அடியில்.

செக்கர் சும்மா குற்றம் சாட்டுகிற ஆள் இல்லை. பழைய டைரி ஒன்றை எடுத்து மூன்று வாரம் நேரம் குறித்தார். ஆறு ஐந்து, மேலே குளியலறைக் கதவு. ஆறு பத்து, தண்ணீர் ஊற்றும் சத்தம். ஆறு இருபத்தைந்து, முதல் சொட்டு. ஒருநாள்கூடத் தவறவில்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மழைக்காலத்தில் சொட்டு ஒழுக்காகவே மாறியபோது, சுவர் ஊறிப்போனதால் குளியல் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்குகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"உங்க மோட்டாரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்களேன்" என்றாள் மனைவி அப்போதே.

"மோட்டாருக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? நீ அடுப்பைப் பாரு."

டைரியை அண்ணனிடம் காட்டினார். அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "நேரமெல்லாம் சரியாத்தான் குறிச்சிருக்கே. இருக்கும்டா. உடைச்சுப் பார்த்துடலாம்" என்றார். வாதாடவில்லை. குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புது ஓடு பதித்தார். சொட்டு நிற்கவில்லை. மறு வருஷம் மறுபடி உடைத்துக் குழாயையே மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. அன்று செக்கர் மாடிப்படியில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினார்.

"உன் குளியல் தண்ணியில நான் நனையணும்னு எந்தச் சட்டத்துலடா இருக்கு?"

வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனை 'டா' போட்டார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்தபடி அண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். "உள்ளே போ. தெரு பார்க்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் இரண்டு வருஷம் பேச்சு இல்லை. வாசலில் எதிர்ப்பட்டால் அண்ணன் ஒதுங்கி வழி விடுவார். செக்கர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கடந்து போவார்.

இந்த வருஷம் வெயில் தொடங்கிய வாரத்தில், பாதி தைத்த சட்டை ஊசிக்கு அடியில் இருக்க, தையல் மிஷின் மேலேயே தலை சாய்ந்து அண்ணன் போய்விட்டார். அண்ணி கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று, மாடித் தண்ணீர்க் குழாயையும் அடைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலையும் சொட்டு விழுந்தது. "பைப்புல தங்கின தண்ணியா இருக்கும்" என்றார் செக்கர். பன்னிரண்டாம் நாள் மனைவி, "எவ்வளவு நாளைக்குங்க தங்கும்?" என்று கேட்டாள். ஒரு பயம் அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் மேல் தப்பு இல்லை என்றால்?

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது அண்ணி திரும்பி வந்தாள். செக்கர் அன்றே கூரை அடைப்பவருக்குப் போன் செய்தார். அந்த ஆளுக்குப் பெயரே 'ஒழுகல்' என்று ஆகிவிட்டது. போனை எடுத்தால் அவரும், "ஒழுகல் பேசறேன், எந்த வீடு?" என்றுதான் ஆரம்பிப்பார். இரும்பு பிரஷ், கரணை, இரண்டு பொட்டலம், ஒரு பழைய சாக்கு, இவ்வளவுதான் அவர் மூட்டை.

பின்னறையில் நிமிர்ந்து பார்த்தவர் உச்சுக்கொட்டினார்.

"எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க சார்?"

"நேர் மேலே பாத்ரூம். வேற எங்கேருந்து வரும்?"

"நீங்க ரயில்ல இருந்தவராமே. டிக்கெட் இல்லாத ஆளு, நீங்க பிடிச்ச பெட்டியிலயேவா ஏறியிருப்பான்? எங்கயோ ஏறி, எட்டுப் பெட்டி நடந்து வந்திருப்பான். தண்ணியும் அப்படித்தான் சார். ஒரு விரிசல்ல இறங்கி, கம்பியோடவே ஓடி, எங்க இடம் கிடைக்குதோ அங்க சொட்டும்."

ஒழுகல் பொட்டலங்களைப் பிரித்தார். ஒன்றில் சிவப்புக் காவிப் பொடி. இன்னொன்றில் துணிக்குப் போடும் நீலம்.

"பாத்ரூம் ஓட்டையில துணியை அடைச்சு, கணுக்கால் அளவு சிவப்புத் தண்ணி நிப்பாட்டுவேன். உங்க தொட்டி மேடையைச் சுத்தி நீலத் தண்ணி. கீழே எந்தக் கலர் வருதோ அதுதான் திருடன். தினமும் மோட்டார் எப்ப போடுவீங்க?"

"ஆறு மணிக்கு."

"தொட்டி நிரம்பி வழியுமா?"

"கொஞ்சம் வழியும். வழிஞ்சதும் போய் நிறுத்துவேன்."

சொல்லி முடித்தபோதே அவருக்கு டைரியின் பக்கங்கள் கண்முன் வந்தன. மேலே கதவு திறந்த நேரம் இருந்தது, தண்ணீர் ஊற்றிய நேரம் இருந்தது. ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துதான் தினமும் டைரியோடு உட்கார்ந்தார். அதை மட்டும் எழுதவில்லை.

அண்ணி எதுவும் கேட்காமல் குளியலறையைத் திறந்துவிட்டாள். பதினோரு மணிக்குள் சிவப்பும் நீலமும் மேலே நின்றன. செக்கர் பின்னறையில், கூரைக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டு உட்கார்ந்தார். சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட மனைவிக்குக் கையை மட்டும் ஆட்டினார்.

பதினொன்றரைக்கு வேட்டியில் ஒரு பொட்டு விழுந்தது. குனிந்து பார்த்தார். நீலம்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக. மாலை வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுகூடச் சிவப்பாக விழவில்லை. கதவருகே வந்து நின்ற ஒழுகல் வேட்டியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பீடியைப் பற்றவைக்கத் தெருவுக்குப் போய்விட்டார்.

யாரிடமும் சொல்லாமல் மேடையைப் பூசி முடித்துவிடலாம். ஒழுகல் வாய் திறக்க மாட்டார். மனைவி கேட்டாள், "அண்ணிகிட்ட சொல்லப் போறீங்களா?" அவர் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.

அண்ணி முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷினின் இடுக்கில் சேர்ந்திருந்த நூல் பிசிறுகளை ஒரு கொண்டையூசியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தண்ணி என் தொட்டியிலேருந்துதான் வந்திருக்கு."

அவள் நிமிரவில்லை. "அப்படியா."

"பாத்ரூம்ல ஒண்ணுமில்லை. முதல்லேருந்தே இல்லை."

ஊசி நின்றது. "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா தம்பி? கடைசி ரெண்டு வருஷம் அவர் இந்த வீட்டுல குளிக்கவே இல்லை."

"சத்தம் கேட்டுச்சே அண்ணி, தினமும்…"

"அது நான். அவர் விடியறதுக்குள்ள கடைக்குப் போய், பின்னாடி குழாயடியில குளிச்சிட்டு வருவாரு. பனியிலயும்தான். நான் எவ்வளவோ திட்டியிருக்கேன். 'நான் ஊத்துற ரெண்டு வாளியாவது குறையட்டும். கூரை ஒழுகினா அவனுக்குத் தூக்கம் வராது, சின்ன வயசுலேருந்தே அப்படி'ன்னுவாரு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் மறுபடி ஊசியை எடுத்தாள். "வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. மழை வரப்போகுது."

மேடையின் ஓரம் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. அதன்மேல் பழைய பாசி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒழுகல் அதை உளியால் அகலப்படுத்தினார். பாசியைத் தேய்க்கும் பிரஷை செக்கர் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"விடுங்க சார், முட்டி போயிடும்."

அவர் விடவில்லை. உச்சி வெயிலில் இரண்டு நாள் தேய்த்தார். கூரை நன்றாகக் காயும்வரை ஒழுகல் காத்திருந்து, விரிசலில் கலவையை அடைத்து, வலைத்துணி ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சு இரண்டு கை பூசினார். தொட்டிக்கு, நிரம்பினால் தானே அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வு மாட்டினார். கடைசியில் மொட்டைமாடி முழுக்க இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்கள். கீழே ஈர வாடைகூட இல்லை.

"அஞ்சு வருஷத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார் ஒழுகல் மூட்டையைக் கட்டிக்கொண்டே.

முதல் மழை ஒரு பிற்பகலில் வந்தது. வந்த வேகத்தில் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். செக்கர் பழக்கத்தில் வாளியை எடுத்துப்போய்ப் பின்னறையில் கறைக்கு அடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மேலேயே வைத்திருந்தார்.

ஒரே ஒரு சொட்டு. அது விழுந்தால் போதும். ஒழுகல் எதையோ விட்டுவிட்டான் என்று ஆகும். அந்தக் குளியலறையிலும் ஏதோ கோளாறு இருந்தது என்று ஆகும். அந்தப் படியில் நின்று கத்தியதில் கால்வாசியாவது நியாயம் என்று ஆகும்.

ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை குறையும்போது மேலே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள், ஒன்று, இரண்டு, மூன்று, தாராளமாக.

செக்கர் நாற்காலிமேல் ஏறிக் கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மனைவி வந்து வாளியை எடுத்துப் போகக் குனிந்தாள்.

"இருக்கட்டும்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."